அம்மா பெயர் போட்ட பத்திரிகை

கல்யாணத்துக்குப் போனில் ஒரு படம் அனுப்பினால் போதாதா, எதற்கு இந்தக் காகிதமும் மையும் என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதை நிறுத்தி நாலைந்து வருஷம் ஆகிறது. அப்படிக் கேட்டுவிட்டுப் போனவர்களே மூன்றாம் மாதம் மகளுக்குத் தேதி குறித்துக்கொண்டு வந்து நிற்பார்கள். "பெரியவங்களுக்கு மட்டும் ஒரு நூறு அடிச்சிக் குடு" என்பார்கள். நூறு முந்நூறாகும். நானும் பழசைக் கிளறாமல் அடித்துக் கொடுப்பேன்.

பர்மாவின் பழைய தலைநகரில், கியாக்டடா பேட்டையில், சூலே பக்கம் பஸ்கள் திரும்பும் இரைச்சல் கேட்கிற ஒரு சந்தில், தரைத்தளத்துப் பாதி அறை என்னுடையது. மாடியில் வாடகை குறைவுதான். ஆனால் டிரெடிலை மாடிக்கு ஏற்ற முடியாது. டிரெடில் என்றால் காலால் மிதித்து ஓட்டுகிற அச்சு மெஷின். பக்கத்தில் பெரிய சக்கரம், மேலே மை தடவிய வட்டத் தட்டு, மேலும் கீழும் ஓடும் ரோலர்கள். வலது கையால் காகிதத்தை வைக்க வேண்டும், இடது கையால் எடுக்க வேண்டும், கால் நிற்கக் கூடாது. ஒரு பழைய அச்சகத்தை மூடியபோது அதை இரும்பு விலைக்குப் போட இருந்தார்கள். நான் எடுத்துக்கொண்டேன். அங்கே கிடந்த தமிழ் ஈய எழுத்துகளையும் வீசைக் கணக்கில் நிறுத்து வாங்கிக்கொண்டேன். கப்பல் ஏஜென்ட் ஆபீசில் பதினோரு வருஷம் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தவள், வேலை போனதும் தையல் மெஷின் வாங்குவாள் என்று எதிர்பார்த்த சொந்தக்காரர்கள் வந்து பார்த்துச் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இந்த ஊரில் மின்சாரம் எப்போது வரும், எப்போது போகும் என்று யாரும் சொல்ல முடியாது. போகும்போது "மீ பியெத்", கரண்ட் போச்சு, என்று தெருவே ஒரு குரலில் சலித்துக்கொள்ளும். பெரிய கடைகளில் ஜெனரேட்டருக்கு டீசல் தேடி ஓடுவார்கள். நான் மெஷினை வாசலைப் பார்த்துத் திருப்பிப் போட்டிருக்கிறேன். பகல் வெளிச்சம் இருந்தால் எனக்கு வேலை நடக்கும். பர்மிய எழுத்துக்கு மட்டும் பிளாஸ்டிக் மாதிரியான பாலிமர் பிளேட் செய்துகொள்கிறேன். அதற்கும் விளக்கு வேண்டாம். எழுத்தின் நெகட்டிவ் பிலிமை மேலே வைத்துச் சந்துமுனை வெயிலில் காட்டினால் எழுத்து இறுகிவிடும், மிச்சத்தைத் தண்ணீரில் தேய்த்துக் கழுவிவிடலாம். தமிழ்ப் பக்கத்தை மட்டும் எழுத்து எழுத்தாகக் கையால் கோர்ப்பேன்.

காகிதம் வெட்டுவதும் மடிப்பதும் என் கூட்டாளி. பர்மியப் பெண். என்னைவிட இரண்டு வயது இளையவள், "அமா" என்று கூப்பிடுவாள். அக்கா என்று அர்த்தம். ஷான் மாநிலத்துக் கைக்காகிதத்தை நார் கிழியாமல் வெட்ட அவளைப் போல் ஆள் கிடையாது. தமிழில் அவளுக்குத் தெரிந்தது "போதும்", "இன்னும் கொஞ்சம்", "சும்மா இரு" என்ற மூன்றுதான். இந்தத் தொழிலுக்கு அது தாராளம்.

ஒரு வருஷம் வெயில் ஏறத் தொடங்கிய நேரத்தில் ஒரு பெரியவர் வந்தார். எனக்குத் தெரிந்தவர்தான். கோயில் கமிட்டியில் முக்கியமான ஆள். திருவிழா நோட்டீஸ், அர்ச்சனைச் சீட்டு, ரசீதுப் புத்தகம் என்று கமிட்டி வேலை முழுவதும் அவர் கையால்தான் என் கடைக்கு வந்துகொண்டிருந்தது. என் தொழிலில் கால்வாசி அதுவே என்று சொல்லலாம். தம்பி மகளுக்குக் கல்யாணம் என்று ஒரு தாளை நீட்டினார். தம்பி இறந்து பதினேழு வருஷம் ஆகிறது.

தாளின் ஒரு பக்கம் பர்மியம், ஒரு பக்கம் தமிழ். பர்மியப் பக்கத்தைப் பொண்ணே எழுதியிருந்தாள். பர்மிய வழக்கப்படி, இறந்துபோன அப்பாவின் பெயரை அடைப்புக்குள் போட்டு, பக்கத்தில் "டோ" என்று மரியாதை சேர்த்து அம்மாவின் பெயரைப் போட்டிருந்தாள். இருவரின் மகள் என்று தெளிவாக இருந்தது. தமிழ்ப் பக்கத்தைப் பெரியவர் எழுதியிருந்தார். நிகழும் மங்களகரமான என்று ஆரம்பித்து, காலஞ்சென்ற இன்னாரின் புதல்வி, தங்கள் வரவை விரும்பும் பெரியப்பா, பெரியம்மா, தாய்மாமன், அத்தை, சித்தப்பா என்று வரிசையாகப் பதினான்கு பேர். அம்மா எங்கும் இல்லை.

எனக்கு அது அப்போதே தெரிந்தது. தெரியாதது போல் இருந்தேன். இதை மறைக்க விரும்பவில்லை, அதனால் எழுதுகிறேன். இப்படிப்பட்ட பத்திரிகையை அதற்கு முன்னால் ஏழெட்டு அடித்திருக்கிறேன். கொடுத்ததைக் கோர்ப்பதுதான் என் வேலை, ஊர் வழக்கத்தைத் திருத்துவது அல்ல என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அந்தப் பதினான்கு பெயரையும் கோர்த்தேன். 'ண' மட்டும் பற்றவில்லை. கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவர்களுக்கு எப்போதும் பஞ்சம் அந்த எழுத்துக்குத்தான். திருமணம், மணமகன், மணமகள், மணமக்கள், அண்ணன், அண்ணி. வாக்கியத்தைக் கொஞ்சம் மாற்றிச் சமாளித்தேன்.

இரண்டாம் நாள் காலை மாதிரி அட்டையைப் பார்க்கப் பொண்ணு வந்தாள். இருபத்தாறு வயது இருக்கும். தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ். இரவு வேலை முடித்து நேராக வந்திருந்தாள், கண் சிவந்திருந்தது. தமிழ் நன்றாகப் பேசுவாள், ஆனால் படிக்கத் தெரியாது. இங்கே அவள் வயதுக்காரர்களில் பாதிப் பேர் அப்படித்தான்.

"அக்கா, பெய்ட்சா ரொம்ப லா டே!" என்றாள். பெய்ட்சா என்றால் அழைப்பிதழ், லா டே என்றால் அழகாக இருக்கிறது. காகிதத்தைத் தடவி, எழுத்து பதிந்த பள்ளத்தை விரல் நுனியால் தேடினாள். பர்மியப் பக்கத்தை ஒரு தடவை படித்துத் தலையாட்டினாள். பிறகு திருப்பினாள்.

"இதக் கொஞ்சம் படிச்சிக் காட்டுங்கக்கா. நாளைக்கி யாராச்சும் கேட்டா சொல்லணும்ல."

படித்தேன். நாள், நட்சத்திரம், முகூர்த்தம் எல்லாவற்றையும் படித்துப் பெயர்களுக்கு வந்தேன். ஒவ்வொரு பெயருக்கும் "ம்" கொட்டிக்கொண்டே வந்தாள். கடைசிப் பெயரும் முடிந்தது. நான் நிறுத்தினேன்.

"அப்புறம்?"

"அவ்வளவுதான்மா."

"அம்மா எங்க?"

தாளை என் கையிலிருந்து வாங்கி, படிக்கத் தெரியாத எழுத்தை மேலிருந்து கீழே ஒரு முறை பார்த்தாள். எங்காவது ஒளிந்திருப்பாள் என்று நினைத்தவள் போல.

"எங்க அம்மா பேரு எதுல ஆரம்பிக்கும்? அந்த எழுத்த மட்டும் காட்டுங்கக்கா."

"இதுல இல்லம்மா. உங்க பெரியப்பா எழுதிக் குடுத்ததுல இல்ல."

"மறந்துட்டாரா?"

"இல்ல."

காகிதம் வெட்டிக்கொண்டிருந்த என் கூட்டாளி நிமிர்ந்து, என்ன ஆச்சு என்று பர்மியத்தில் கேட்டாள். பொண்ணுதான் பதில் சொன்னாள். புருஷன் செத்துப்போன பொம்பளை பெயரைக் கல்யாணப் பத்திரிகையில் போட மாட்டார்கள் என்று. கூட்டாளிக்கு அது புரியவே இல்லை. "பெத்தது அந்தம்மாதானே?" என்று இரண்டு தடவை கேட்டாள். பர்மியர்களிடம் அப்படி ஒரு வழக்கம் கிடையாது. அவள் முகத்தில் இருந்த குழப்பத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு என் மேலேயே வெறுப்பாக வந்தது.

"அடிக்காதீங்கக்கா. அம்மா பேரு இல்லாம ஒரு பத்திரிகையும் அடிக்காதீங்க" என்று சொல்லிவிட்டு அவள் பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டாள்.

மறுநாள் பத்து மணிக்குப் பெரியவர் வந்தார். வேர்த்து விறுவிறுத்து வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"என்ன தங்கச்சி, சின்னப் பொண்ணுகிட்ட என்னத்த சொல்லி வச்ச?"

"ஒண்ணும் சொல்லலைண்ணே. படிக்கச் சொன்னா, படிச்சேன்."

"நான் குடுத்தத அடி. அது போதும்."

"பொண்ணு வேணாங்குது."

"பொண்ணுக்கு என்ன தெரியும்? தமிழே படிக்கத் தெரியாது. அபசகுனமாப் போயிடும்னு யாரு அவளுக்குச் சொல்லுவா? மாப்பிள்ளை வீட்டுல என்ன நெனப்பாங்க? நாம தாத்தன் காலத்துலேருந்து இந்த ஊர்ல மானமா இருந்தவங்க. துறைமுகத்துல மூட்டை தூக்கினப்பவும் வழக்கத்த விடல."

"அந்தம்மாதானேண்ணே பதினேழு வருஷம் வளத்தாங்க?"

"வளக்கல்லன்னு யாரு சொன்னா? அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

அதைக் கேட்டதும் எனக்குள் ஏதோ அறுந்தது. மெஷினில் பூட்டி வைத்திருந்த சட்டத்தைக் கழற்றி மேஜையில் வைத்தேன். ஈய எழுத்துகள் தலைகீழாக, கண்ணாடியில் பார்ப்பது போல் இருக்கும். அவருக்குப் படிக்க வராது.

"இத நான் அடிக்க மாட்டேன்ணே" என்றேன். "வேற கடையில குடுத்துக்குங்க. உங்க தாளு இந்தா இருக்கு."

அவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு குரலை இறக்கிச் சொன்னார். "திருவிழா நோட்டீஸ் வரப்போவுது. கமிட்டியில கேப்பாங்க, எங்க குடுக்கலாம்னு. யோசிச்சுக்க."

"யோசிச்சாச்சுண்ணே."

உண்மையில் யோசிக்கவில்லை. அவர் போன பிறகுதான் யோசித்தேன். டீக்கடைக்குப் போய் இரண்டு கப் லஃபெயே குடித்துவிட்டு வந்தேன். கூட்டாளி எனக்கு முன்னால் ஒரு சமோசாவை வைத்துவிட்டு, "சும்மா இரு" என்று தமிழில் சொன்னாள். ஆறுதல் சொல்கிறாளாம்.

அடுத்த நாள் மத்தியானம் வந்தது பொண்ணின் அம்மா. நான் அதுவரை அவரைப் பார்த்ததில்லை. அலோனில் ஆற்றங்கரைக் கிடங்கு ஒன்றில் உளுந்து, பயறு பிரிக்கும் பெண்களுக்கு மேஸ்திரி. தமீன் என்ற பர்மிய லுங்கியும் முழுக்கைச் சட்டையும் போட்டுத் தலையில் துண்டு கட்டியிருந்தார். புருவத்தில்கூடப் பயறுத் தூசி படிந்திருந்தது. வேலை நடுவில் அரை நாள் கேட்டு வந்திருக்கிறார்.

"தங்கச்சி, நீ நல்லாருப்ப. மச்சாண்டார் குடுத்தபடியே அடிச்சிடும்மா" என்றார். "எம் பேரு வேணாம். பேரு போட்டு நான் என்ன செய்யப் போறேன்? நாளைக்கி ஒரு தலைவலி, காய்ச்சல் வந்தாக்கூட எம் மூஞ்சியத்தான் சொல்லுவாங்க."

"உங்க பொண்ணு கேக்க மாட்டேங்குதேக்கா."

"அவளுக்கு நான் சொல்லிக்கிறேன். நீ அடி."

அப்போதுதான் நான் யாரிடமும் சொல்லாத ஒன்றை அவரிடம் சொன்னேன். ஊரே ஆக்ஸிஜன் சிலிண்டரைத் தேடி அலைந்த அந்த மழைக்காலத்தில் என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தார். எட்டு மாதம் கழித்து என் தங்கைக்குக் கல்யாணம். எங்களுக்கு அப்பா, அம்மா கிடையாது. அவளைப் படிக்க வைத்தது நான், மாப்பிள்ளை பார்த்தது நான். அவள் பத்திரிகையை இதே மெஷினில் அடித்தேன். முதலில் "தங்கள் வரவை விரும்பும்" என்பதற்குக் கீழே என் பெயரைத்தான் கோர்த்தேன். எங்கள் அத்தை வந்தாள். "ஏண்டி, உனக்கே தெரிய வேணாமா?" என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டாள். நான் இடுக்கியை எடுத்து என் பெயரை எழுத்து எழுத்தாகக் கழற்றினேன். அந்த இடத்தில் அத்தை பெயரைக் கோர்த்தேன். தாலி கட்டும்போது நான் பந்தியில் இலை எண்ணிக்கொண்டிருந்தேன். நாதஸ்வரம் உச்சத்துக்குப் போனதை வைத்துத்தான் முடிந்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன்.

"யாரும் என் கையப் புடிச்சிக் கழட்டலக்கா. நானேதான் கழட்டினேன்" என்றேன். "உங்க பேர அந்த மாதிரி விட இந்தக் கையி இனிமே வராது. நீங்க வேணாம்னா வேற கடை நூறு இருக்கு. நான் அடிக்கல."

அவர் மேஜையில் கிடந்த மாதிரி அட்டையை எடுத்தார். தமிழ் படிப்பது அவருக்கும் தட்டுத்தடுமாறித்தான் வரும். பர்மியப் பக்கத்தைத் திருப்பி உதடசைத்துப் படித்தார். அடைப்புக்குள் புருஷன் பெயர், பக்கத்தில் "டோ" போட்டுத் தன் பெயர். அதில் விரலை வைத்தவர் எடுக்கவே இல்லை.

"இதுல நான் இருக்கேனே" என்றார்.

"ஆமாக்கா. அது உங்க பொண்ணு எழுதினது."

அட்டையை மெல்லத் திருப்பினார்.

"அப்ப தமிழ்ல மட்டும் நான் செத்துட்டேனா?"

சத்தமாகச் சொல்லவில்லை. என்னைக் கேட்டதாகவும் தெரியவில்லை. தலைத்துண்டை அவிழ்த்து முகத்தை அழுத்தித் துடைத்தார். பிறகு அவர் குரல் மாறிவிட்டது. நாற்பது பெண்களை வேலை வாங்குகிறவரின் குரல்.

"அவரு போனப்ப இவளுக்கு ஒம்போது வயசு. மச்சாண்டாரு பதினஞ்சாம் நாளு ஒரு மூட்டை அரிசி எறக்குனாரு. நல்ல மனுசன்தான், இல்லங்கல. அதுக்கப்புறம் நர்ஸிங் படிப்பு முடியற வரைக்கும் யாரும் எறக்கல. நான் உளுந்து பொறுக்குனேன். எழுதும்மா. மொதல்ல எம் பேரு. அதுக்குக் கீழ அவங்க எல்லாரும் இருக்கட்டும், யாரையும் எடுக்க வேணாம். அவங்க என்னை எடுத்த மாதிரி நான் அவங்கள எடுக்க மாட்டேன்."

அவர் முன்னாலேயே கோர்த்தேன். "தங்கள் வரவை அன்புடன் விரும்பும்" என்ற வரிக்கு அடியில், நடுவில், தனி வரியில், மற்றவற்றைவிட ஒரு அளவு பெரிய எழுத்தில் அவர் பெயர். அடைப்புக்குறி பழக்கம் எங்களுக்குக் கிடையாது, அதனால் புருஷன் பெயருக்கு முன்னால் "அமரர்" என்று போட்டேன். எழுத்துகளைத் தலைகீழாகப் பார்த்தவர், "இதா எம் பேரு?" என்று சிரித்தார்.

அச்சடிக்க வேண்டிய அன்று காலை ஏழு மணிக்கே மின்சாரம் போய்விட்டது. பொண்ணு லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள், அம்மாவும் வந்திருந்தார். நான் மிதித்தேன். பொண்ணு அடித்த அட்டைகளை எடுத்து, மை ஒட்டாமல் ஒவ்வொன்றாகப் பலகையில் பரப்பினாள். கூட்டாளி வாசல் கம்பியில் கயிறு கட்டிக் கிளிப் மாட்டி, இடம் பற்றாததைத் தொங்கவிட்டாள். அம்மா கிண்ணத்தில் மஞ்சளைக் குழைத்து வைத்துக்கொண்டு, காய்ந்த அட்டைகளின் நாலு மூலையிலும் விரலால் தொட்டுத் தொட்டு வைத்தார். புருஷன் போன பிறகு மங்களக் காரியத்துக்கு மஞ்சளைத் தொட்டதில்லை என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பாதியில் எனக்குத் தொடை கடுத்தது. "நகருடி" என்று என்னை எழுப்பிவிட்டு அந்த அம்மா மிதிக்க ஏறினார். முதல் பத்து அட்டை வீண். பிறகு தாளம் பிடித்துக்கொண்டார். மிதிக்கிற வேகத்துக்கு என் கை ஓட முடியவில்லை.

"மெதுவாக்கா, என் விரலு போயிடும்!"

"பேரு நல்லா ஆழமா விழுதா பாரு" என்றார்.

சந்தில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். எதிர்க் கடை கணினிப் பையன்கள் கரண்ட் இல்லாமல் வாசல்படியில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார்கள். முந்நூற்றைம்பது அட்டையும் மத்தியானம் மூன்று மணிக்கு முடிந்தது.

பெரியவர் சும்மா இருப்பாரா? வேறு கடையில் பளபளவென்று பூப்போட்ட அட்டையில் அவர் எழுதியபடியே அடித்துக் கொடுக்க ஆரம்பித்துவிட்டார். ஒரே கல்யாணத்துக்கு ஊருக்குள் இரண்டு பத்திரிகை. சில வீடுகளுக்கு இரண்டுமே போய்ச் சேர்ந்தது. கோயிலில், மார்க்கெட்டில், பஸ்ஸில் என்று எங்கே போனாலும் இதே பேச்சு. "அந்த மெஷின்காரிதான் தூண்டிவிட்டவ" என்று என்னைப் பற்றியும் ஒரு வரி சேர்த்துக்கொண்டார்கள். எனக்கு நாலு வேலை கைவிட்டுப் போனது. அதில் ஒருத்தி என் பள்ளிக்கூடத்துச் சிநேகிதி. "மாமியார் ஒத்துக்க மாட்டேங்கிறாங்கடி" என்றாள். சரி என்றேன்.

நாங்கள் பயந்தது மாப்பிள்ளையின் அம்மாவுக்குத்தான். மிங்கலாடோனில் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் வீடு. மகன் அங்கே சரக்குப் பிரிவில் வேலை. ஒரு நாள் அந்த அம்மா இரண்டு பத்திரிகையையும் கைப்பையில் வைத்துக்கொண்டு நேராக என் கடைக்கே வந்துவிட்டார். நெற்றியில் பெரிய குங்குமம், கழுத்தில் கனமான சங்கிலி. பொண்ணின் அம்மாவுக்குப் போன் போட்டேன். கிடங்கிலிருந்து ஓடி வந்தார். வருகிற வரைக்கும் மாப்பிள்ளையின் அம்மா என் எழுத்துப் பெட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். இவர் வந்ததும் அவர் இரண்டு அட்டையையும் மேஜையில் வைத்தார்.

"சம்பந்தி, இதுல எது நீங்க குடுத்தது?"

பொண்ணின் அம்மா எங்கள் அட்டையைத் தொட்டுக் காட்டினார்.

"அப்ப கல்யாணத்தன்னிக்கி வாசல்ல நின்னு எங்களக் கூப்பிடப் போறது யாரு? நீங்களா, அவரா?"

"நான்தாங்க."

"கடைசி நேரத்துல பின்னால போயி நின்னுக்க மாட்டீங்களே?"

"மாட்டேன்."

"யா டே" என்றார் அந்த அம்மா. சரி என்பதற்கு இங்கே எல்லோரும் சொல்கிற பர்மிய வார்த்தை. "நாளைக்கி ஒரு பிரச்சினைன்னா நான் யாருகிட்டப் பேசணும்னு எனக்குத் தெரியணும். பதினாலு பேருகிட்டயும் பேசிக்கிட்டிருக்க முடியாது." பிறகு என் பக்கம் திரும்பி, "இந்தக் காகிதம் எங்கேருந்து வருது? நல்லாருக்கே" என்றார். இது நியாயமா, வழக்கமா என்று ஒரு சொல்லும் சொல்லவில்லை. எங்கள் ஊர்க் காரியங்கள் பல சமயம் இப்படித்தான் முடியும்.

கல்யாணத்தன்று கோயில் மண்டபத்து வாசலில் பொண்ணின் அம்மா நின்றார். இளம்பச்சைப் பட்டு, தலையில் மல்லிகை இல்லை. பன்னீர்ச் செம்பைக் கையில் பிடித்திருந்தார். தெளித்தபோது இரண்டு மூன்று பெண்கள் கழுத்தை ஒதுக்கிக்கொண்டு போனார்கள். ஒரு வயதானவர் வாசல் வரை வந்து, பார்த்து, திரும்பியே போனார். அந்த அம்மா செம்பைக் கீழே வைக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டு வேன் வந்தபோது, மாப்பிள்ளையின் அம்மா முதல் ஆளாக இறங்கி வந்து, "நல்லாத் தெளிங்க சம்பந்தி, வெயில்" என்று முகத்தையே நீட்டினார். அதற்குப் பிறகு வந்தவர்கள் யாரும் ஒதுங்கியதை நான் பார்க்கவில்லை.

எல்லாமே நினைத்தபடி நடந்தது என்று சொன்னால் பொய். தாரை வார்க்கத் தம்பதியாகத்தான் உட்கார வேண்டும் என்று ஐயர் பிடிவாதமாக இருந்தார். தாய்மாமனும் அவர் மனைவியும் உட்கார்ந்தார்கள். அந்த அம்மா அவர்களுக்குப் பின்னால் நின்று, குனிந்து, மகளின் கைக்கு அடியில் தன் கையையும் வைத்தார். ஐயர் பார்த்தார், மந்திரத்தை நிறுத்தவில்லை. தண்ணீர் எல்லார் கையிலும் வழிந்தது. நான் முன்வரிசையில் நின்றிருந்தேன். அட்சதைத் தட்டு வந்தபோது, எனக்கு நீட்டலாமா வேண்டாமா என்று ஒரு பெண் தயங்கினாள். நானே எடுத்துக்கொண்டேன், இரண்டு கை நிறைய.

பெரியவரும் வந்திருந்தார். எங்கள் பத்திரிகையிலும் இரண்டாவது வரியில் அவர் பெயர் இருந்தது அவருக்குத் தெரியும். இலை போட்டுச் சாப்பிட்டார், பாயசம் இரண்டாம் தடவையும் வாங்கினார், மணமக்கள் காலில் விழுந்தபோது திருநீறு பூசிவிட்டார். தம்பி மனைவியோடு மட்டும் பேசவில்லை. என்னைப் பார்க்கவே இல்லை.

திருவிழா நோட்டீஸ் எனக்கு வரவில்லை. அர்ச்சனைச் சீட்டும் ரசீதுப் புத்தகமும் அதோடு போய்விட்டன. இன்று வரை திரும்பி வரவில்லை, நானும் போய்க் கேட்கவில்லை. அந்த வருஷ மழைக்காலம் கஷ்டமாகத்தான் இருந்தது. பர்மியக் கல்யாணங்கள், பௌத்தப் பிள்ளைகளைத் துறவுக்கு அனுப்பும் சடங்கு அழைப்புகள், ஒரு ஹோட்டலுக்குக் கடிதத் தாள் என்று கூட்டாளி அலைந்து அலைந்து வேலை பிடித்து வந்தாள். தமிழ்ப் பத்திரிகைக்கு வருகிறவர்களிடம் இப்போது முதல் கேள்வியாகவே கேட்டுவிடுகிறேன்: "அம்மா பேரு எங்க?" சிலர் எழுந்து போய்விடுகிறார்கள். சிலர் பேனாவைக் கேட்கிறார்கள்.

திருவிழாவுக்கு நான் போகாமல் இல்லை. எதற்குப் போகாமல் இருக்க வேண்டும்? எல்லோரையும் போலத் தலைக்குக் குளித்து, வரிசையில் நின்றேன். அர்ச்சனைச் சீட்டு கொடுக்கும் மேஜையில் பெரியவர்தான் உட்கார்ந்திருந்தார். என் முறை வந்தது. குனிந்தபடியே, "யாரு பேருக்கு?" என்றார்.

"எம் பேருக்குத்தாண்ணே" என்று, பின்னால் நிற்பவர்களுக்கும் கேட்கிற மாதிரி என் முழுப் பெயரையும் சொன்னேன்.

அவர் நிமிரவில்லை. கொஞ்ச நேரம் பேனா நின்றது. பின்னால் வரிசை வாசல் வரைக்கும் நீண்டிருந்தது, யாரோ "சீக்கிரம், சீக்கிரம்" என்றார்கள். எனக்கு ஒன்றும் அவசரமில்லை. அவர் எழுதி முடிக்கும் வரை மேஜையில் கையை ஊன்றிக்கொண்டு நின்றேன்.